ரூட் பெயரில் ஒரு பதிவு

ஞாயிற்றுக்கிழமை சபையில் விஜய்ராஜ் அண்ணனுக்கு மூன்றாவது கல்யாண ஓலை வாசித்தார்கள். இந்தத் திருமணத்துக்குத் தடை சொல்ல யாராவது இருந்தால் சொல்லலாம் என்று போதகர் நிறுத்தினார். நான் பாட்டுப் புத்தகத்தை இறுகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். போதகர் அடுத்த ஓலையை எடுத்தார்.

மறுநாள் காலை, வழக்கம்போல் நான்தான் தேனி அலுவலகத்தைத் திறந்தேன். லாரி எடைமேடைகளுக்கு மென்பொருள் எழுதும் சின்ன இடம்; எழுதுவது விஜய்ராஜ் அண்ணனும் ஜாய்ஸ் அக்காவும். பத்தாவதோடு நின்றுவிட்ட நான், திரையில் வரும் தமிழ்ச் சொற்களைத் தட்டுகிறேன். எல்லோருடைய வேலையும் வெப் சர்வர் வழியாக ஒரே களஞ்சியத்தில் சேரும். ஒவ்வொரு பதிவிலும் போட்டவர் பெயரும் ஒரு குறிப்பும் இருக்கும்.

என் கம்ப்யூட்டரிலிருந்து போட்டால் என் பெயர் விழுந்துவிடும். அதனால் சர்வர் முன்னாலேயே உட்கார்ந்து, கரண்டு போய் வந்தால் அதை எழுப்புவதற்காக விஜய்ராஜ் அண்ணன் எனக்கு மட்டும் சொல்லியிருந்த, எல்லா அனுமதியும் உள்ள ரூட் கணக்கில் நுழைந்தேன். குறிப்பில், "எனக்குத் தடை உண்டு, விஜய்ராஜ்" என்று எழுதிப் பதிந்தேன். யார் எழுதியது என்று அவர் கேட்டால் சொல்லிவிடலாம் என்றிருந்தேன்.

பத்து மணிக்கு ஜாய்ஸ் அக்கா விஜய்ராஜ் அண்ணனைப் பார்த்துக் கத்தினார்.

"ஏலே மாப்பிள்ள! என்னத்தப் பண்ணி வச்ச? ஒண்ணும் ஏற மாட்டேங்குது. அனுமதி இல்லங்குது."

"நான் என்னக்கா பண்ணேன்? வெப் சர்வர நிறுத்திப் போட்டுப் பாருங்க."

"ரெண்டு தடவ போட்டாச்சு. கல்யாணக் கனவுல என்னத்தையோ அமுக்கிட்ட."

விஜய்ராஜ் அண்ணன் சிரித்தபடி சர்வர் முன் உட்கார்ந்தார். கோப்புகள் எல்லாம் வெப் சர்வர் பெயரில் இருக்க, சில மட்டும் ரூட் பெயரில் இருந்தன.

"யாரோ ரூட்டா நுழைஞ்சு நேராப் பதிஞ்சிருக்காக. அதான் வெப் சர்வரால தொட முடியல," என்றபடி கடைசிப் பதிவைத் திறந்தார்.

அவர் கை விசைப்பலகையில் நின்றது. நான் பின்னால்தான் நின்றேன்.

"யாருலே அது?" என்றார் ஜாய்ஸ் அக்கா.

"யாரோ தெரியாமப் பண்ணிட்டாக," என்றார் விஜய்ராஜ் அண்ணன். திரும்பவில்லை. "சாராளு, டீ சொல்லிட்டு வா."

நான் வந்தபோது அந்தப் பதிவு இல்லை. அதற்கு முந்தைய பதிவு வரை எடுத்து, களஞ்சியத்தைப் புதிதாக ஏற்றி, வெப் சர்வர் பெயருக்கு மாற்றியிருந்தார். ஜாய்ஸ் அக்காவின் வேலை ஏறியது.

"ரூட் பாஸ்வேர்ட மாத்திட்டேன்," என்றார். "நாளைல இருந்து அக்கா வந்து தொறக்கட்டும். சாவிய அவுககிட்டக் குடுத்துரு."

"சரிண்ணே," என்றேன்.

வீட்டுச் சாவியும் அதே வளையத்தில் கோத்திருந்ததால் கழற்ற நேரமாயிற்று. அதுவரை அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.