மேற்குக் கிணற்று உப்பு

மகாராஜன் உப்பு மீட்டரை விரலால் தட்டினான்.

"ஏலே, தட்டாத!" என்று கத்தினேன். பல்கலைக்கழகத்தில் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிவந்த கருவி அது.

மேற்குக் கிணற்றில் உப்பைக் கரைத்துவிட்டு, அது நிலத்தடி வழியாக இந்தக் கிழக்குக் கிணற்றுக்கு வருகிறதா என்று பார்ப்பதுதான் எங்கள் ஆராய்ச்சி. நடுவில் பாறை இருக்கிறது, சொட்டுத் தண்ணீர்கூட வராது என்று பேராசிரியர் அடித்துச் சொல்லியிருந்தார். ஆனால் காலையிலிருந்து இங்கே உப்பு ஏறிக்கொண்டே இருந்தது. எங்கள் உப்பு மூட்டையோ இன்னும் வேனை விட்டே இறங்கவில்லை.

"மீட்டர் போச்சு, ஹுதா," என்றான்.

அப்போது மேற்குக் கிணற்றுக்காரி முத்துத்தாய் அக்கா, சங்கரன்கோவில் புற்றுமண் பிரசாதப் பொட்டலத்தோடு வரப்பில் வந்தாள்.

"உங்க சோதனை ஜெயிக்கணும்னு கோயிலுக்கு ஒரு மூடை உப்பு நேந்திருந்தேன். அம்புட்டையும் அங்கன கொட்டக்கூடாதுன்னுட்டாவ. அதான் போன வெள்ளிக்கிழம எங்க கிணத்துலயே கரைச்சுட்டேன்."

எனக்குச் சுள்ளென்று கோபம் ஏறியது. "ஒங்கள யாருக்கா கரைக்கச் சொன்னா? எல்லாத்தையும் கெடுத்து..."

மகாராஜன் மேற்குக் கிணற்றைப் பார்த்தான். நான் மீட்டரைப் பார்த்தேன்.

"யா அல்லாஹ்! பாறைக்குள்ள வழி இருக்குலே!"

அக்காவைக் கட்டிப்பிடித்துச் சுற்றினேன். புற்றுமண் என் துப்பட்டாவெல்லாம் சிந்தியது. பேராசிரியரைக் கைபேசியில் அழைத்தேன்.

"உப்பைப் போட்டாச்சா?" என்றார்.

"சாமிக்குப் போட்டாச்சு சார். பாறையைத் தாண்டி வந்துட்டு!"