ஐந்து வயது வரிசை

தேஜோன் நகரத்து அடுக்ககத்தில் ஒரு குழந்தை பேசத் தாமதித்தால் பன்னிரண்டு மாடிக்கும் செய்தி போய்விடும். "சேபோமுக்கு அஞ்சு வயசாச்சு. அவ அம்மா பேசுறதுல கால்வாசி பேசினாக்கூடப் போதுமே!" என்று லிஃப்டில் ஒருத்தி சொல்ல, அம்மா இன்ஹே மறுநாளே மகளைப் பேச்சுப் பயிற்சி மையத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

ஜன்னலுக்கு வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது. பயிற்சியாளர் குடை, ஆமை, விசிறி என்று படங்களை ஒவ்வொன்றாக நீட்டினார். சேபோம் மேகம் பார்ப்பதுபோல் வெகுநேரம் பார்த்து, மெல்லப் பெயர் சொன்னாள். சிலவற்றுக்கு வெறும் புன்னகைதான். இன்ஹேவுக்கு அறையே தண்ணீருக்குள் மிதப்பதுபோல் இருந்தது.

மதிப்பெண், வயதுவாரி அட்டவணையில் ஐந்து வயது வரிசையின் அடிமட்டத்தில் கிடந்தது. பயிற்சியாளர் புருவம் சுருக்கினார்.

"சேபோம் அம்மா, பிள்ளை எப்பப் பொறந்தா?"

"டிசம்பர் இருபத்தெட்டு, டீச்சர். நம்ம ஊர்ப் பழைய வழக்கப்படி பொறந்ததும் ஒரு வயசு, நாலு நாள்ல புத்தாண்டு வந்துச்சா, ரெண்டு. அப்புறம் ஒவ்வொரு புத்தாண்டுக்கும்..."

"அட, அந்தக் கணக்கையா படிவத்துல எழுதினீங்க? இந்த அட்டவணை பொறந்த நாள்லேர்ந்து மாசம் எண்ணுதுங்க. உங்க பொண்ணுக்கு மூணு வயசு ரெண்டு மாசம்தான்!"

அவர் விரல் வரிசை வரிசையாக நகர்ந்து, மூன்று வயதுப் பிள்ளைகளின் நடுவில் வந்து நின்றது.

இன்ஹே மகளின் தலைமுடியில் முகம் புதைத்துக்கொண்டாள். சேபோம் விசிறிப் படத்தை இன்னும் விடவில்லை.

"பாத்துக்கிட்டே இருக்கட்டும், டீச்சர். அவளுக்கு இப்ப என்ன அவசரம்?"