முந்நூறு படங்களில் ஒரு பொட்டு

பொட்டு இடம் மாறியிருந்தது. அதுதான் வெற்றிச்செல்விக்குப் புரியவில்லை.

பெரம்பலூர் ஸ்கேன் சென்டரில் அவள் எட்டு வருடமாக டெக்னீஷியன். எதிரே குன்னம் பக்கத்து விவசாயி அரியமுத்துவும் அவர் மனைவி புஷ்பவல்லியும் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு வருடத்துக்கு முன் இருமலுக்காக வெளியூரில் எடுத்த ஸ்கேனின் ஃபிலிம் விளக்குப் பெட்டியில் தொங்கியது. வலது நுரையீரலில், ஒரு ரத்தக்குழாயை ஒட்டி, நான்கு மில்லிமீட்டரில் ஒரு வெள்ளைப் பொட்டு. நேற்று இங்கே எடுத்த ஸ்கேனில் அது ஏழு மில்லிமீட்டர்.

வளர்ந்திருந்தால் நல்லதில்லை. நெஞ்சில் ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்க்க, திருச்சியில் திங்கட்கிழமை நாள் குறித்தாகிவிட்டது. ஆனால் ஃபிலிமில் பொட்டுக்குப் பக்கத்தில் குழாய் ஒன்றாக இருந்தது. நேற்றைய படத்தில் இரண்டாகப் பிரிந்திருந்தது. பொட்டு வளரலாம். நகருமா?

சென்டரின் படங்களைப் பார்த்து அறிக்கை எழுதும் டாக்டர் வினோதினி அரியலூரிலிருந்து போனில் சொன்னார்: "செல்வி, ஃபிலிம வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. கூட ஒரு சிடி தட்டு குடுத்திருப்பாங்களே, கேளுங்க."

கேட்டாள். அரியமுத்து மனைவியைப் பார்த்தார். புஷ்பவல்லி தரையைப் பார்த்தாள்.

"மக்காச்சோளம் கதிர் வச்சிருக்குங்க. ஒரே கிளித் தொல்லை. மினுமினுன்னு இருந்துச்சேன்னு போன வாரந்தான் காட்டுல கயித்துல கட்டி வுட்டேன்."

"என் நெஞ்சக் கொண்டுபோயி கிளிக்குக் காட்டுனியாடி?"

"ஆமா, பெரிய நெஞ்சு. ஒரு கிளியும் பயப்படல."

அரியமுத்து உடனே பஸ் ஏறினார். மூன்று மணி நேரத்தில் சட்டைப் பையில் தட்டோடு திரும்பி வந்தார். அதில் புழுதி, பறவை எச்சம், நாலைந்து கீறல். வெற்றிச்செல்வி மெல்லிய துணியால் துடைத்து உள்ளே தள்ளினாள். கம்ப்யூட்டர் முனகியது, நின்றது. மறுபடி துடைத்தாள். மூன்றாம் முறை திறந்துகொண்டது. உள்ளே முந்நூறு படங்கள், ஒன்றுகூடக் குறையாமல்.

ஸ்கேன் மெஷின் உடம்பை வெட்டாமலே மில்லிமீட்டருக்கு ஒரு படமாக எடுத்துவிடுகிறது. சாஃப்ட்வேர் அவற்றை இருந்த வரிசையில் மறுபடி அடுக்குகிறது. மவுஸ் சக்கரத்தை உருட்டினால், ஒரு ஆளின் நெஞ்சுக்குள்ளேயே கழுத்திலிருந்து கீழே இறங்கிப் போகலாம். எட்டு வருடத்தில் ஆயிரக்கணக்கான முறை இறங்கியிருக்கிறாள். இன்னும் அலுக்கவில்லை.

இரண்டு ஸ்கேன்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாள். இரண்டிலும் மூச்சுக்குழாய் கிளை பிரியும் இடத்தைக் காட்டிக்கொடுத்தாள். சாஃப்ட்வேர் அதைப் பிடித்துக்கொண்டு இரண்டையும் பொருத்தியது. இனி ஒன்று ஒரு மில்லிமீட்டர் இறங்கினால் மற்றதும் இறங்கும். இரண்டு வருட இடைவெளியுள்ள இரண்டு நெஞ்சுகள் ஒன்றாக நகர ஆரம்பித்தன. கறுப்புக்குள் குழாய்கள் வெள்ளைப் புள்ளிகளாகத் தோன்றி, பிரிந்து, மெலிந்து மறைந்தன.

அரியமுத்து எழுந்து நின்றுவிட்டார். "மூச்சு வுடலாமாங்க?"

"தாராளமா வுடுங்கண்ணே. இது எடுத்து முடிச்சது."

ஃபிலிமில் இருந்த அதே படம் வந்தது: குழாய் ஒன்று, பொட்டு நான்கு மில்லிமீட்டர். பக்கத்தில் நேற்றைய நெஞ்சிலும், அதே உயரத்தில், நான்கேதான். அவள் விரல் நின்றது. ஒரு படம் இறங்கினாள். இரண்டிலும் பொட்டு பெருத்தது. இன்னும் ஒன்று. மூன்றாவதில் இரண்டிலும் குழாய் இரண்டாகப் பிரிந்தது. பழைய பொட்டை அளந்தாள். ஏழு. அந்தப் பக்கமும் ஏழு.

வெற்றிச்செல்வி புஷ்பவல்லி பக்கம் திரும்பினாள். "சின்ன வெங்காயம் நறுக்குவீங்கல்ல? நுனியில நறுக்குனா சின்ன வட்டம், நடுவுல நறுக்குனா பெரிய வட்டம். வெங்காயம் ஒண்ணுதான்."

புஷ்பவல்லி திரைக்கு மிக அருகில் வந்து இரண்டு பொட்டுகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அரியலூரில் தன் திரையில் டாக்டரும் அதே படங்களைப் பார்த்து, அதே அளவை எடுத்தார். திருச்சிக்குப் பேசி ஊசியை ரத்து செய்தார். பிறகு அறிக்கையில் எழுதினார்: பழைய ஃபிலிமில் பத்துக்கு ஒரு படம்தான் அச்சாகியிருக்கிறது, அந்த ஒன்று பொட்டின் ஓரத்தில் விழுந்திருக்கிறது. முழுப் படங்களையும் பொருத்திப் பார்த்ததில், பொட்டு இரண்டு வருடத்துக்கு முன்பும் ஏழு மில்லிமீட்டர், இப்போதும் ஏழு மில்லிமீட்டர். வளரவில்லை. ஊசி தேவையில்லை.