பங்களா வேலை

தையல் மிஷினின் ஊசி கண்மணியின் இடது கை ஆள்காட்டி விரலில் இறங்கி, நகத்தைத் துளைத்து, உள்ளேயே முறிந்து நின்றது. அவள் கத்தவில்லை. பக்கத்து மிஷினில் இருந்த வள்ளிதான் வெள்ளைத் துணியில் ரத்தம் பரவுவதைப் பார்த்துவிட்டு, "மேட்ரனம்மா, வெரசா வாங்க" என்று எழுந்து ஓடினாள்.

சண்முகசுந்தரி அடுப்பில் உலையை அப்படியே விட்டுவிட்டு வந்தாள். பெண்ணைத் தன் அறைக்கு அழைத்துப்போய்க் கட்டிலில் உட்கார வைத்து, வெந்நீரில் விரலை நனைத்து, சின்னக் குறட்டால் ஊசித் துண்டைப் பிடித்து இழுத்தாள். வள்ளி முகத்தைத் திருப்பிக்கொண்டு தோளைப் பிடித்திருந்தாள். கண்மணி உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரையே பார்த்தாள்.

"மிஷின்ல உக்காந்தா கண்ணு ஊசியில இருக்கணும்னு எத்தனை வாட்டி சொல்லியிருக்கேன். பாக்காம விரலைக் குடுத்துட்டு இப்ப நில்லு" என்று டிங்சரை ஊற்றினாள் சண்முகசுந்தரி.

"பாத்துத்தாம்மா குடுத்தேன்."

சண்முகசுந்தரியின் கை நின்றது.

வெளியே, கேட்டுக்கு முன்னால் ஜீப் ஹாரன் அடித்தது. ஏரிப் பக்கமிருந்து ஏறிவந்த பனிமூட்டத்தில் வண்டி கண்ணுக்குத் தெரியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது. கண்மணி அந்தச் சத்தத்துக்கு உடம்பைக் குறுக்கிக்கொண்டாள்.

"விரல்ல கட்டு இருந்தா பாத்திரம் தேய்க்க முடியாதுல்லம்மா? பங்களாவுக்குப் போகச் சொல்ல மாட்டீங்கள்ல?"

அந்த மகளிர் தையல் பயிற்சி நிலையத்தைத் தொடங்கியது பழனி வியாபாரிகளும் கொடைக்கானல் பெரிய மனிதர்களும் சேர்ந்த ஒரு தர்ம சங்கம். அப்பன் இல்லாதது, சோற்றுக்கு வழியில்லாதது, மலைக்காட்டுக் கூலிகளின் பிள்ளைகள் என்று பெண்களைச் சேர்த்து, சோறு போட்டு, தொழில் கற்றுக்கொடுத்து, கடைசியில் சர்ட்டிபிகேட் கொடுத்து அனுப்புவார்கள். அந்தச் சர்ட்டிபிகேட் இருந்தால் எந்த ஊர்ப் பள்ளிக்கூடத்திலும் தையல் டீச்சர் வேலைக்குப் போய் நிற்கலாம் என்று பேச்சு. சங்கத்துச் செயலாளர் பழனி அடிவாரத்தில் பெரிய கடை வைத்திருப்பவர். ஏரிக்கு மேலே அவருக்கு ஒரு பங்களா. சீசன் வந்தால் குடும்பத்தோடு மேலே வந்துவிடுவார். மதுரையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் விருந்தாளிகள் வந்தபடி இருப்பார்கள். அப்போது நிலையத்துப் பெண்கள் இரண்டு பேர் போய்ப் பாத்திரம் தேய்த்து, படுக்கை தட்டிப்போட்டு, ஒத்தாசை செய்ய வேண்டும். 'பயிற்சியோடு பயிற்சியாக வீட்டு வேலையும் பழகட்டும்' என்று ஒரு வருஷம் சொன்னார். மறுவருஷம் அதுவே வழக்கமாகிவிட்டது.

போன சீசனில் தெரசம்மாள் என்ற பெண் போய்வந்தாள். வந்ததிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. ஒருநாள் வெள்ளனே எழுந்து தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். ஓடிப்போனவள் என்று சங்கத்தில் சொன்னார்கள். சண்முகசுந்தரியும் அப்படித்தான் நினைத்தாள். நினைப்பதற்குச் சுலபமாக இருந்தது. அவளே தாலியறுத்த பின் மாமியார் வீட்டில் சமையல்கட்டு மூலையில் கிடந்தவள். எட்டாவது வரை படித்தவள், தையல் தெரிந்தவள் என்று கூப்பிட்டு மேட்ரன் வேலையும் ஒரு தனி அறையும் கொடுத்தது இதே செயலாளர்தான். அந்த அறைக்கதவை உள்ளே தாழ்போட்டுக்கொண்டு தூங்கிய முதல் இரவை அவள் மறக்கவில்லை.

"என்ன நடந்துச்சு, சொல்லு" என்றாள் இப்போது.

கண்மணி கொஞ்சமாகத்தான் சொன்னாள். போன தடவை பங்களாவுக்குப் போனபோது, அந்த வீட்டு அம்மா விருந்தாளிகளோடு ஏரிக்குப் போயிருந்தார்கள். ஐயா கால் வலிக்கிறது என்று கூப்பிட்டார். தைலம் கொண்டுவரச் சொன்னார். கொண்டுபோனதும் கதவைச் சாத்தினார். அதற்குமேல் அவள் பேசவில்லை. அவர் கையைக் கடித்துவிட்டுக் குளியலறைப் பின்வாசல் வழியாக ஓடியதாகவும், மூட்டத்தில் பாதை தெரியாமல் தைலமரக் காட்டுக்குள் சுற்றி வந்து சேர்ந்ததாகவும் கடைசியில் சொன்னாள்.

"அன்னைக்கே எங்கிட்டச் சொல்லக்கூடாதா, தாயி?"

"நீங்கதானம்மா அனுப்பினீங்க."

சண்முகசுந்தரி கட்டை இறுக்கி முடிச்சுப் போட்டாள். பிறகு எழுந்து கேட்டுக்குப் போனாள்.

டிரைவர் பழனிமுத்து பீடியை மறைத்தபடி, "என்னங்க இம்புட்டு நேரம்? விருந்தாளுக வந்து கெடக்காக. கண்மணியை அனுப்புங்க" என்றான்.

"அவளுக்கு விரல்ல அடி."

"அப்ப வள்ளியை ஏத்தி விடுங்க."

"யாரையும் அனுப்பறதா இல்ல. இன்னைக்கு மட்டுமில்ல. போய்ச் சொல்லிருங்க."

பழனிமுத்து அவளை ஒரு நிமிஷம் பார்த்தான். ஏன் என்று கேட்கவில்லை. தெரிந்தவன் கேட்க மாட்டான். வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான்.

மறுநாள் செயலாளரின் மனைவி விசாலாட்சி வந்தாள். கையில் ஒரு கூடை பிளம்ஸ் பழம், கண்மணிக்கென்று ஒரு புதுச் சேலை. சண்முகசுந்தரியின் அறையில் இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஏன் சுந்தரி, சின்ன விசயத்தை ஏன் ஊதிப் பெருசாக்கற? அவுகளுக்குக் கால் வலி. கூப்பிட்டிருப்பாக. புள்ள பயந்திருச்சு. பொம்பளைப் புள்ளைகளை நாமதான ஒதுங்கி நடக்கச் சொல்லிக் குடுக்கணும்?"

"ஒதுங்கறதுக்குக் கதவு தெறந்திருக்கணும்லம்மா."

விசாலாட்சியின் முகம் சிவந்தது. "பங்களாவுல ஆள் இல்லாமத்தானே கூப்பிடுறோம். நானும் எத்தனை வேலைக்காரியைத்தான் வைக்கிறது? எவளும் ரெண்டு மாசத்துக்கு மேல நிக்க மாட்டேங்கறா."

சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து வந்தது அவள் காதிலேயே விழுந்தது போலிருந்தது. தன் சேலை முந்தானையை எடுத்துக் கூடையிலிருந்த ஒரு பழத்தைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"உனக்கு இந்த வேலை குடுத்தது அவுகதான்" என்றாள் கடைசியில், குரல் இறங்கிப்போய்.

"மறக்கலம்மா. அந்த நன்றிக்குத்தான் இந்தப் புள்ளையை அனுப்பி வச்சேன். போதும்மா."

விசாலாட்சி எழுந்து போனாள். சேலையையும் கூடையையும் சண்முகசுந்தரி பின்னாலேயே கொண்டுபோய் வண்டியில் வைத்தாள்.

அந்த வாரமே சங்கத்துக் கமிட்டி கூடியது. நிலையத்தின் முன்கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். நடுவில் தலைவர், ரிட்டயர்டு தாசில்தார். அவருக்கு வலப்பக்கம் செயலாளர், கம்பளிச் சால்வையைப் போர்த்திக்கொண்டு, கைக்குட்டை சுற்றிய வலது கையை மடியில் வைத்துக்கொண்டு. பழனி வியாபாரிகள் இரண்டு பேர். ஓரத்தில் மிஷன் பள்ளிக்கூடத்து லூர்துசாமி வாத்தியார். சண்முகசுந்தரி நின்றுகொண்டிருந்தாள். உள்கூடத்தில் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஸ்கூல் யூனிபாரம் தைத்து முடிக்க வேண்டிய அவசரம்.

தலைவர் தொண்டையைச் செருமினார். "எல்லாம் விசாரிச்சாச்சு. தப்பா ஒண்ணும் நடக்கலை. இருந்தாலும் பெண்பிள்ளைகள் பாதுகாப்பு நமக்கு முக்கியம். அதனால சில ஏற்பாடு." அவர் சொல்லச் சொல்ல வியாபாரிகள் தலையாட்டினார்கள். இனி சாயங்காலம் கேட்டைப் பூட்டிவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கும் சர்ச்சுக்கும் பெண்கள் வெளியே போகக்கூடாது. ரோட்டைப் பார்த்த ஜன்னல்களுக்குப் பலகை அடிக்க வேண்டும். கண்மணிக்கு வேலையில் கவனம் இல்லை, அவளை வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும்.

"பூட்டுக்கு ரெண்டு சாவி. ஒண்ணு மேட்ரன்கிட்ட இருக்கட்டும். ஒண்ணு செக்ரட்டரிகிட்ட."

சண்முகசுந்தரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கத்தான் பார்த்தாள், முடியவில்லை.

"என்னம்மா சிரிப்பு?"

"பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்னு சொல்லிக் கேட்டிருக்கேங்க. நீங்க காவலே வேணாம்னு பால்சட்டியைப் பூனைகிட்டயே குடுத்துட்டுப் போறீங்க." அவள் குரல் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டுப் பேசினாள். "கதவைச் சாத்துனது இவரு. பூட்டு அந்தப் புள்ளைகளுக்கா? போன வருசம் தெரசம்மா ஏன் போனான்னு இங்க யாராச்சும் கேட்டீங்களா? நானும் கேக்கல. அந்தப் பாவம் எனக்கும் இருக்கு. ஐயா கையில என்ன காயம்னு இப்பவாவது கேளுங்க."

செயலாளர் கோபப்படவில்லை. கோபப்பட வேண்டிய அவசியம் அவருக்கு அதுவரை வந்ததில்லை. தலைவர் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார். "புருஷன் இல்லாத பொம்பளை, ஒண்ட இடமில்லைன்னு வந்துச்சு. இரக்கப்பட்டு வச்சேன். இதோட நடத்தையைப் பத்தி நான் வாயைத் தெறந்தா நல்லாருக்காது."

"தெறங்க" என்றாள் சண்முகசுந்தரி.

தலைவர் கையைக் காட்டி அவளை அடக்கப் பார்த்தார்.

"தெறங்கய்யா. இத்தனை பேரு இருக்காக. எங்க போனேன், யாரோட நின்னேன், என்ன கண்டீங்க, சொல்லுங்க. நான் இங்கனயே நின்னு கேக்கறேன்."

செயலாளர் சால்வையைச் சரிசெய்தார். அந்த நேரத்தில்தான் உள்கூடத்தில் ஒரு மிஷின் நின்றது. பிறகு இன்னொன்று. ஒவ்வொன்றாக எல்லாச் சத்தமும் ஓய்ந்தபோது, கதவருகே பெண்கள் வந்து நின்றிருந்தார்கள். கமிட்டி முன்னால் அவர்கள் வாய் திறந்தது வரவேற்புப் பாட்டுப் பாடும்போது மட்டும்தான்.

வள்ளி முன்னால் இருந்தாள். "நாங்க யாரும் இனி பங்களாவுக்குப் போக மாட்டோமுங்க" என்றாள். "கண்மணியை அனுப்பினா நாங்களும் போயிருவோம். துணியெல்லாம் பாதியில கெடக்கும்."

"மேட்ரன், நீ இன்னைக்கே காலி பண்ணலாம்" என்றார் தலைவர்.

தீர்மானம் கையெழுத்துக்குச் சுற்றி வந்தது. லூர்துசாமி வாத்தியார் மட்டும் கையெழுத்துப் போடாமல் எழுந்து, கம்பை ஊன்றிக்கொண்டு வெளியே போனார். அன்றைக்கு அந்தக் கூடத்தில் ஆண்கள் செய்த பெரிய காரியம் அதுதான்.

உள்கூடத்தில் மிஷின்கள் மறுபடி ஓடவில்லை. சண்முகசுந்தரிக்குக் காலி செய்ய ஒரு பெட்டிதான் இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு, கண்மணியையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் பெருமாள்மலைக்கு இறங்கினாள். கண்மணியின் தாய் முருகம்மாள் அங்கே லாரிகளுக்குப் பேரிக்காய்க் கூடை ஏற்றும் வேலையில் இருந்தாள். தலையில் இருந்த சும்மாட்டை அவிழ்க்காமலேயே நின்று முழுவதையும் கேட்டாள். கூட வேலை செய்தவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். வெளியே தெரிவதற்கு முன்னால் தாய்மாமனுக்குக் கட்டிவைத்துவிடச் சொன்னாள் ஒருத்தி. இரண்டு அறை விட்டால் சரியாகும் என்றார் ஒரு கிழவர்.

முருகம்மாள் மகளின் கட்டுப்போட்ட விரலை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். "எதுக்கு இவளை அடிக்கணும்? இவ என்ன செஞ்சா?" என்று கிழவரிடம் கேட்டாள். பிறகு சண்முகசுந்தரியைப் பார்த்து, "மேட்ரனம்மா, அடுத்து எங்க போகணும்?" என்றாள்.

"போலீஸ் ஸ்டேஷனுக்கு. போனா ஊரெல்லாம் பேசும். கண்மணிக்குச் சம்மதம்னாத்தான் போகணும்."

"போவோம்" என்றாள் கண்மணி.

"எனக்கு வேலை போச்சு, முருகம்மா. உனக்கும் தொந்தரவு வரும். சரக்கு ஏத்த விட மாட்டாக."

"சுமை தூக்கிப் பொழைக்கிறவ நான். இதையும் தூக்கிக்கறேன். வாங்க" என்று சும்மாட்டை அவிழ்த்து உதறித் தோளில் போட்டாள் முருகம்மாள்.

மேலே கொடைக்கானலுக்குப் போகும் பஸ்ஸில் மூன்று பெண்களும் ஒரே சீட்டில் நெருக்கி உட்கார்ந்தார்கள். ஒரு கொண்டை ஊசி வளைவில் கண்மணிக்குக் குமட்டியது. முருகம்மாள் எலுமிச்சம்பழத்தைக் கீறி மூக்கில் பிடித்தாள்.

ஸ்டேஷனில் இருந்த ஏட்டு கெட்டவர் இல்லை. மூவரையும் பெஞ்சில் உட்காரச் சொன்னார். காபி வாங்கிவரச் சொன்னார். முழுவதையும் கேட்டார். கேட்டு முடித்ததும் காகிதத்தை எடுத்து வைத்து, பேனாவைத் திறந்து, மறுபடி மூடினார்.

"எனக்கும் பொட்டப்புள்ள இருக்கு. நல்லதுக்குத்தான் சொல்றேன். இதெல்லாம் எழுதிட்டா அழிக்க முடியாது தாயி. கோர்ட்டு, விசாரணைன்னு இழுக்கும். பத்துப் பேரு படிப்பாக. பேரு கெட்டுப்போகும்."

சண்முகசுந்தரி பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கண்மணி பெஞ்சிலிருந்து எழுந்து மேஜைக்கு முன்னால் போய் நின்றாள்.

"கெடட்டுமுங்க. அதுக்குத்தான் வந்திருக்கோம்."

ஏட்டு நிமிர்ந்து பார்த்தார்.

நிலையத்தில் எந்தப் பெண்ணும் அந்த மனிதரின் பேரை வாய்விட்டுச் சொன்னதில்லை. ஐயா என்றும் அவுக என்றும்தான் சொல்வார்கள். கட்டிய மனைவியும் சொல்ல மாட்டாள்.

"பேரு ஞானவேல்" என்றாள் கண்மணி. "பயிற்சி நிலையத்துச் செக்ரட்டரி ஞானவேல். எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுங்க."