தூசு இல்லாத லென்ஸ்

மாலை நான்கு பத்து. லென்ஸ் இன்னும் கடைக்காரியின் கையில்தான் இருந்தது.

ஆறு மணிக்குள் மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். மறுநாள் காலையில் பிரசவ அறுவைச் சிகிச்சை. அதற்குப் பிறகு அந்த வயிறு இருக்காது. நிறைமாத வயிற்றோடு ஒரு படம் எடுத்துத் தருவதாக அவன் சொல்லியிருந்தான். அவள் கேட்டது அது ஒன்றுதான்.

நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று அவள் சொன்ன வாரமே கேமரா தேடத் தொடங்கினான். கேமராவை முடிவுசெய்ய ஐந்து மாதம். லென்ஸுக்கு இரண்டு மாதம். வாங்கியதை ஏழு நாளுக்குள் மாற்றிக்கொள்ளலாம் என்பது கடையின் விதி. நேற்று அவன் திருப்பிக் கொடுத்தது மூன்றாவது லென்ஸ்.

பாட்டில் தொழிற்சாலையில் அவனுக்குச் சோதனைப் பிரிவு. வெள்ளை விளக்கின் முன்னால் காலி பாட்டில்கள் வரிசையாக நகரும். குமிழி, கீறல், கரும்புள்ளி இருப்பதைப் பொறுக்கித் தொட்டியில் போட வேண்டும். இருபது நிமிடத்துக்கு மேல் யாரையும் அங்கே உட்காரவிடமாட்டார்கள். கண் பொய் சொல்லத் தொடங்கிவிடும். பதினோரு வருடமாக அந்த வேலை. வீட்டில் டம்ளரைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் குடிப்பான்.

கடைக்காரி முப்பத்தைந்து என்று எண் போட்ட சின்ன லென்ஸை நீட்டினாள். அவன் பையிலிருந்து டார்ச்சை எடுத்தான்.

“ஆரம்பிச்சிட்டீங்களா?”

பின்பக்கம் வெளிச்சத்தை வைத்து, லென்ஸைச் சாய்த்துப் பார்த்தான்.

“உள்ள ஒரு தூசு இருக்கு.”

“ஒரு தூசு படத்துல விழவே விழாது, சார்.”

“இருக்குன்னு எனக்குத் தெரியுமே.”

“பொண்ணு பாக்கப் போனப்பவாவது டார்ச் இல்லாம பாத்தீங்களா?”

“அது பத்து நிமிஷத்துல முடிவாயிடுச்சு.”

அவள் சிரித்தாள். அவன் கடிகாரத்தைப் பார்த்தான். கைபேசி அதிர்ந்தது.

“எங்க இருக்கீங்க?” மனைவி. “தம்பி வண்டிய எடுத்துட்டு வந்துட்டான்.”

“கிளம்பிட்டேன்.”

“பொய். பில் மெஷின் சத்தம் இங்க வரைக்கும் கேக்குது. போன்லயே எடுத்துக்கலாம், வாங்க.”

“போன்ல வேணாம். இதோ வந்துட்டேன்.”

“பிள்ளை ஸ்கூல் சேர்றதுக்குள்ள வந்துருவீங்கல்ல?”

வைத்துவிட்டாள்.

“வேற முப்பத்தஞ்சு இல்லியா?”

“இதான் கடைசி. எண்பத்தஞ்சு ஒண்ணு இருக்கு. ஆனா வீட்டுக்குள்ளதானே எடுக்கப்போறீங்க? நம்பர் ஏற ஏற நீங்க பின்னால தள்ளிப் போகணும், சார். சின்ன ரூம்னா…”

அவன் அதற்குள் அதை வாங்கி டார்ச் அடித்துவிட்டான். சுத்தம். பதினோரு வருடத்தில் இப்படி நூறு பாட்டில்கூடப் பார்த்திருக்கமாட்டான்.

“இதுதான்.”

“நான் சொன்னது காதுல விழுந்துச்சா?”

“விழுந்துச்சு. பில் போடுங்க.”

பேருந்தில் இருக்கை காலியாக இருந்தது. நின்றுகொண்டே வந்தான். சிவப்பு விளக்கில் வண்டி நின்றபோது இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்தான். பிறகு ஓடினான். அந்தப் பேருந்து அவனைத் தாண்டிப் போயிற்று.

மூன்றாவது மாடி. ஓர் அறை, ஒரு சமையலறை. வாசலில் மச்சினன் துணிப்பையோடு நின்றிருந்தான்.

“மாமா, மணி அஞ்சு இருபது.”

“ரெண்டே நிமிஷம், மாப்ள.”

“கேமராவுல இதுவரைக்கும் முந்நூத்திப் பன்னெண்டு படம் இருக்காம். அக்கா எண்ணிப் பாத்திருக்கா. எல்லாமே செவுத்துல ஒட்டுன பேப்பர். அதுவும் பழைய பேப்பர்.”

“அது படத்தோட ஓரத்துல எழுத்து தெளிவா விழுதான்னு பாக்குறதுக்கு.”

அவள் ஜன்னலோரம் பக்கவாட்டில் நின்றாள். நீல உடுப்பு. ஒரு கை வயிற்றின் கீழே. வெளிச்சம் சரியாக இருந்தது. எல்லாம் சரியாக இருந்தது.

கேமராவைக் கண்ணில் வைத்தான். ஒரு மூக்கும் ஒரு காதும் தெரிந்தன.

பின்னால் போனான். கன்னம், கழுத்து. கட்டில் காலில் இடித்தது. கட்டில்மேல் ஏறினான். சுவர் வந்துவிட்டது. கேமராவை நெடுக்காகத் திருப்பிப் பிடித்தான். தலையிலிருந்து மார்பு வரை.

“எங்க ஏறுறீங்க?”

“கொஞ்சம் தள்ளிப் போகணும்.”

இறங்கி வெளியே போனான். கதவு ஜன்னலுக்கு நேராக இல்லை. வெளி நடையிலிருந்து பார்த்தால் கதவுநிலை அவளைப் பாதியாக வெட்டியது. திரும்பி வந்து மறுபடி கட்டிலில் ஏறினான். மெத்தை அமுங்கியது. கேமரா ஆடியது.

“கீழ ரோட்டுல வச்சு எடுங்களேன், மாமா.”

“ரோட்டுலயா?” என்றாள் அவள். “போறவன் வர்றவன்லாம் பாக்கவா? அதெல்லாம் வேணாம்.”

“அந்தச் சின்ன லென்ஸ்…” என்று தொடங்கி அவன் நிறுத்திக்கொண்டான்.

“நான் போய் வண்டிய எடுக்குறேன்,” என்று மச்சினன் படியிறங்கினான்.

சுவரில் முதுகை ஒட்டி, தலையையும் ஒட்டி நின்றான். கேமராவை உயர்த்தினால் முகம். இறக்கினால் வயிறு. உயர்த்தினான். இறக்கினான். ஜன்னலில் வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது.

கீழே ஹாரன் அடித்தது. மறுபடி அடித்தது.

“கால் கடுக்குதுங்க,” என்றாள். “முகம் வேணுமா, வயிறு வேணுமா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க.”