ஜன்னல் வழியே கொடுத்த பிள்ளை

ஜெயக்கொடிக்கு பஸ்ஸில் இடம் பிடிப்பதில் கொஞ்சம் கர்வம் உண்டு. பரவையிலிருந்து தினமும் மதுரைக்கு டைப்ரைட்டிங் படிக்கப் போய் வருகிறவள். திரும்பும்போது ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் பஸ் வந்து நிற்பதற்குள் கையிலிருப்பதை ஜன்னல் வழியாக உள்ளே போட்டுவிடுவாள். கைக்குட்டை, குடை, ஒருநாள் முருங்கைக்காய்க் கட்டு. முதலில் போட்டவருக்குத்தான் இடம். இல்லை என்று சண்டைக்கு வந்தவர்கள் அவள் வாய்க்குப் பயந்து நின்றுகொண்டே ஊர் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள்.

அன்று அவள் கையில் இருந்தது அக்கா முத்துத்தாயின் குழந்தை. அக்கா ஏழு வருஷம் கோயில் கோயிலாக அலைந்து பெற்ற பிள்ளை, பிறந்து மூன்று மாதம் ஆகிறது. தடுப்பூசி போட வேண்டிய நாளில் அக்காவுக்குக் காய்ச்சல். நான் பார்க்காத பஸ்ஸா என்று இவள்தான் மதுரைக்குத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஊசி போட்டாயிற்று, வீடு திரும்ப வேண்டியதுதான்.

பஸ் வந்ததும் கூட்டம் வாசலை அடைத்துக்கொண்டது. பிள்ளையோடு நுழைந்தால் நசுங்கிப்போகும். நியாயமாகத்தான் யோசித்தாள். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணிடம் பிள்ளையை நீட்டினாள்.

"அக்கா, செத்த நேரம் பிடிங்க. பக்கத்துல ஒரு எடம் போட்டு வைங்க, இந்தா வாரேன்."

அந்தப் பெண்ணும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். எல்லாரும் செய்கிற காரியம்தான்.

படியில் ஒரு கால் வைத்தபோது வெங்காய மூட்டைக்காரன் ஒருவன் இடித்துத் தள்ளினான். ஜெயக்கொடி கீழே விழுந்து எழுவதற்குள் விசில் கேட்டது. பஸ் கிளம்பிவிட்டது.

அம்புட்டு வாயாடிக்குக் குரலே வரவில்லை. செருப்பை விட்டுவிட்டு ஓடினாள். கத்த முடிந்தபோது பஸ் கண்ணைவிட்டு மறைந்திருந்தது. அந்தப் பெண் யார், எந்த ஊர், ஒன்றும் தெரியாது. முகம்கூட ஞாபகத்தில் இல்லை. அக்காவிடம் என்னவென்று சொல்வது? சீட்டுக்காகக் கொடுத்தேன் என்றா?

அடுத்த பஸ்ஸில் படியில் நின்று தலையை வெளியே நீட்டிக்கொண்டே போனாள். விஷயத்தைக் கேட்ட கண்டக்டர் ஒரு ஸ்டாப் விடாமல் நிறுத்தினார். விளாங்குடியில் பெட்டிக்கடை ஓரமாக ஒரு பெண் நின்றிருந்தாள். அவள் முந்தானைக்குள் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது.

ஜெயக்கொடி குதித்து ஓடி அழுதுகொண்டே கைகளை நீட்டினாள். அந்தப் பெண் உடனே கொடுக்கவில்லை. தன் பெயர் மாயக்காள் என்றும், சமயநல்லூருக்கு டிக்கெட் எடுத்திருந்தும் பாதியிலேயே இறங்கிவிட்டதாகவும் சொன்னாள். ஜெயக்கொடி கும்பிடப் போனாள்.

"கும்பிடாத தாயி. பிள்ளை நனைச்சிருச்சுன்னு துணியை மாத்துனேன். பொட்டப்பிள்ளைன்னு பாத்ததும் பஸ்ஸுல எல்லாரும், இனி அவ வரமாட்டா, வேணும்னுதான் விட்டுட்டுப் போயிட்டான்னு சொன்னாக."

ஜெயக்கொடி திகைத்துப் போனாள். "நான் எடம் போடச் சொன்னேனேக்கா."

"அதைத்தான் நானும் சொன்னேன். அதெல்லாம் நடிப்புன்னுட்டாக." மாயக்காள் ரோட்டைப் பார்த்தபடியே பேசினாள். "எனக்குப் பிள்ளை இல்ல. அடுத்த பஸ்ஸு ஒண்ணு பாப்போம், அதுலயும் வரலைன்னா தூக்கிட்டுப் போயிருவோம்னு நின்னேன். நீ வந்துறக் கூடாதுன்னுகூட நெனச்சேன்."

ஜெயக்கொடிக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. ஒரு பஸ் நிறைய ஆட்கள். அவர்களில் அக்கா தங்கச்சியோடு பிறந்தவர்கள் இருந்திருப்பார்கள், பெண்ணைப் பெற்றவர்கள் இருந்திருப்பார்கள். ஒருவருக்குக்கூட, பிள்ளையைக் கொடுத்தவள் பஸ்ஸைத் தவறவிட்டிருப்பாள் என்று தோன்றவில்லை.

மாயக்காள் பிள்ளையை நீட்டினாள். ஆனால் கையை எடுக்கவில்லை.

"உங்க வீட்டுக்கு வேணும்கிற பிள்ளைதானே இது?"

"வேணும்க்கா," என்றாள் ஜெயக்கொடி. அதைச் சொன்ன பிறகுதான் பிள்ளை அவள் கைக்கு வந்தது.