நாற்பத்தொரு செக்கன்

செவ்வாய்க்கிழமை விடிய கொழும்பு பஸ்ஸில் வந்து சேர்ந்த புது டிஸ்க்கைப் பெட்டிக்குள் தள்ளி, மீளமைப்பைத் தொடக்கிவிட்டு நிமிர்ந்தேன். ஸ்டூடியோவின் உள்கதவடியில் ஸுஹைறா நின்றாள். ஐந்து கிழமைக்கு முன் அவளை மணப்பெண்ணாகப் படமெடுத்தது நான்தான். பன்னிரண்டு நாளைக்கு முன் அவளுடைய வாப்பா சீனிமுகம்மது, கரையில் தோணி இழுத்துக்கொண்டு நின்றவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மணலில் குந்தி அப்படியே மௌத்தாகிப் போனார். கறுத்த அபாயாவுக்குள் பிள்ளை பாதியாகிப்போயிருந்தாள். என்னத்துக்கு வந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, ஒன்றும் தெரியாதவள் மாதிரி கதிரையை இழுத்துப் போட்டேன்.

வாப்பா யாரையும் படமெடுக்க விட்டதில்லை என்றாள். உருவம் எடுப்பது அவருக்குப் பிடிக்காது. அடையாள அட்டையில் ஒரு படம் இருக்கிறது, அதிலும் பொலிஸ் பிடித்துக்கொண்டுபோன ஆள் மாதிரி முழிக்கிறார். கலியாணத்தன்று எங்களோடு ஆண்கள் பக்கம் எடுக்கிற அஹ்ஸன் கமராவைத் திருப்பினபோது வேண்டாமென்று கையை ஆட்டியிருக்கிறார், அஹ்ஸனும் சொல்வழி கேட்கிற பொடியன், திருப்பிக்கொண்டான். ஆனால் வாப்பா கொஞ்ச நேரம் மணப்பெண் அறைக்குள் வந்தாரே, அப்போது நான் கமராவைப் பிடித்துக்கொண்டு நின்றதை அவளுடைய சாச்சி கண்டிருக்கிறா.

"அது இரிக்கா ராத்தா?"

"இரிக்கி" என்றேன். நாற்பத்தொரு செக்கன் என்றும் சொன்னேன். அவ்வளவு துல்லியமாகச் சொல்லியிருக்கத் தேவையில்லை. வாய் சும்மா கிடக்காது எனக்கு.

இப்போதே கேட்டாள். இப்ப ஏலாது, இந்த நேரத்தில் திறந்தால் டிஸ்க்குக்குச் சுமை கூடும், பின்னேரம் வரைக்கும் பொறுக்க வேண்டும் என்று பெட்டியைக் காட்டினேன். பெட்டி என்றால் பெரிய அதிசயமில்லை. பாண் றாத்தல் இரண்டை அடுக்கின அளவில் ஒரு கறுத்தச் சாமான், உள்ளே நாலு டிஸ்க். எங்கள் ஸ்டூடியோ எடுத்த கலியாணமெல்லாம் அதற்குள்தான். ஞாயிற்றுக்கிழமை அதில் ஒன்று செத்துப்போனது. ஒரு டிஸ்க் செத்தால் மற்ற மூன்றும் சேர்ந்து தாங்கும், புதியதைப் போட்டால் பழையபடி எழுதி நிரப்பிக்கொள்ளும். நிரம்பி முடியுமுன் இன்னொன்றும் செத்தால் எல்லாம் போச்சு. சாய்ந்தமருதுக் கடற்காற்றில் இரும்பு அலுமாரியே கறள் பிடிக்கிறது, டிஸ்க் எம்மாத்திரம்.

எல்லாம் போச்சு என்றால் ஆண்கள் பக்கம் போகாது. அதற்கு ஒவ்வொரு நாளும் வெளியே ஒரு பிரதி போகிறது. பெண்கள் பக்கம்தான் போகும். மணப்பெண் அறைக்குள் எடுப்பதெல்லாம் பூட்டுப் போட்ட தனி இடத்தில் கிடக்கிறது. கடவுச்சொல் என்னிடம் மட்டும், முனாஸ் நானாவுக்கே தெரியாது. கடைக்குச் சொந்தக்காரர் அவர். பிரதியும் கிடையாது. உங்கட பிள்ளைட படம் இந்தப் பெட்டிய விட்டு உங்கட கைக்கு மட்டும்தான் வரும், வேறெங்கயும் ஒரு துண்டும் போகாது என்று ஒவ்வொரு உம்மாவிடமும் சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்வேன். அதை நம்பித்தான் நிந்தவூரிலிருந்தும் எங்களைத் தேடி வருகிறார்கள். எனக்கு அது வியாபாரத் தந்திரமில்லை. என்னுடைய கலியாணப் படம் எனக்குத் தெரியாமல் கல்முனையில் ஒரு கடையின் கண்ணாடிக்குள் மூன்று மாதம் தொங்கியது. அந்த மூன்று மாதமும் வீட்டில் நான் பட்ட பாட்டை இப்போது நினைத்தாலும் பல்லைக் கடிக்கத்தான் வரும். பெட்டி வாங்கின அன்று, பிரதி எடுக்கும் பட்டியலில் பெண்கள் இடத்துக்கு நேரேயிருந்த சரியடையாளத்தை என் கையாலேயே எடுத்துவிட்டேன். பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன்.

பத்தரைக்கு மீளமைப்பு பதினெட்டு வீதம். ஸுஹைறா போகவில்லை. பின்னேரம் வாங்க என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்தேன், வீட்டில் இருக்க ஏலாதாம். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன், ஆடை படிந்து ஆறியது. நான் ஒரு வேலையிலும் நிற்கவில்லை. கணினியிலேயே கிடந்த வேறொரு கலியாணத்தின் ஆண்கள் பக்கத்தை நிறம் திருத்தத் திறப்பேன், இரண்டு நிமிடத்தில் பெட்டியின் நிர்வாகப் பக்கத்துக்கு ஓடிவருவேன். இருபத்திரண்டு. இருபத்திமூன்று. பெட்டியின் சூட்டைப் பார்ப்பேன், நாற்பத்தேழு பாகை. எழும்பி மின்விசிறியைப் பெட்டிப் பக்கம் திருப்புவேன். நமக்கு வேர்த்தால் பரவாயில்லை.

பதினொன்றேகாலுக்கு, முப்பத்தொரு வீதத்தில், இரண்டாவது டிஸ்க்குக்கு நேரே பச்சை மாறிச் செம்மஞ்சள் ஆனது. வாசிக்க ஏலாத இடங்கள் எட்டு என்றது. கொஞ்சத்தில் இருபத்திநாலு. மத்தியானம் லுஹருக்குப் பாங்கு சொல்லும்போது நூற்றுப்பன்னிரண்டு, மீளமைப்பும் ஊரத் தொடங்கியிருந்தது. மூன்று மாதமாக இந்த டிஸ்க் கிழமைக்கொருதரம் எச்சரிக்கை அனுப்பியிருக்கிறது. அதெல்லாம் முனாஸ் நானா மறந்துபோன ஒரு பழைய மின்னஞ்சலுக்குப் போய்க் குவிந்து கிடந்ததை ஞாயிற்றுக்கிழமைதான் கண்டேன். அதற்கு முன் பெட்டி வாய்விட்டுக் கத்தவும் செய்தது. கலியாண சீசன், தலைக்குமேல் வேலை, சத்தத்தை நிறுத்தும் பொத்தானை அமத்திவிட்டு என் பாட்டில் இருந்துவிட்டேன். யாரைக் குறை சொல்ல?

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த டிஸ்க் சாகக்கூடாது என்று நான் துஆ கேட்டுக்கொண்டிருந்தது உண்மை. இருநூற்றுப் பன்னிரண்டு மணப்பெண்கள் அதற்குள் இருக்கிறார்கள். ஆனால் பாதி மனம், செத்துத் தொலையட்டும் என்றது. அந்த நாற்பத்தொரு செக்கனின் கடைசியில் சீனிமுகம்மது மாமா கமராவைக் கண்டுவிடுகிறார். எடுக்காதீங்க, எடுத்திருந்தா அழிச்சிருங்க என்கிறார். ஓம் என்று சொல்லிவிட்டு நான் அழிக்கவில்லை. அன்றிரவே அழித்திருக்கலாம், கை வரவில்லை. அவ்வளவு நல்ல வெளிச்சம் அந்த முகத்தில். இப்போது மனிசன் இல்லை. மகள் பக்கத்தில் இருந்துகொண்டு என் திரையைப் பார்க்கிறாள்.

முனாஸ் நானா சாப்பிட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்தார். எண்ணிக்கை இருநூற்றைத் தாண்டியிருந்தது. அவர் சத்தம்போடுகிற ஆளில்லை. மேசை லாச்சியிலிருந்து தன்னுடைய கையடக்க டிஸ்க்கை எடுத்து வைத்தார். அதில் அவருடைய மகன்மார் கார்ட்டூன் பார்ப்பார்கள், ஒவ்வொரு நாளும் அவரோடு வீட்டுக்குப் போய்வரும்.

"மீளமைக்கிறதக் கொஞ்சம் மெதுவாக்கிட்டு, ஏலுமானத இதுக்குள்ள அள்ளு. பூட்டி உன்ட கையிலயே வெச்சிக்க. நான் கேக்க மாட்டன்."

சொன்ன சொல் என்னாவது என்று கேட்க வாய் வந்தது. பெட்டிக்குள்ளேயே செத்துப்போனால் அதுவும் பத்திரமாக வைத்திருந்ததாகத்தான் கணக்கா? வேகத்தைக் குறைத்தேன். அவருடைய டிஸ்க்கைத் துடைத்து வெறுமையாக்கி, புதுக் கடவுச்சொல் போட்டேன். ஆறு வருடமாகக் காத்த சொல்லைப் பகல் இரண்டு பத்துக்கு உடைத்தேன். எது முதலில் என்று யோசிக்க நேரமிருக்கவில்லை, யோசிக்கவும் தேவைப்படவில்லை. ஸுஹைறாவின் கலியாணத்தை முதலில் இழுத்துவிட்டேன்.

பாதியில் பிரதி ஒருதரம் நின்றது. நாலு நிமிடம் அசையவேயில்லை. அவள் கதிரையை விட்டு எழும்பி என் தோளடியில் வந்து நின்றாள், மூச்சு என் காதில் பட்டது. பிறகு, மாடு எழும்பி நடக்கிற மாதிரி, ஆடி ஆடி நகரத் தொடங்கியது. பின்னேரம் அசர்த் தொழுகைக்குக் கொஞ்சம் முன் அவளுடைய கலியாணம் வந்து முடிந்தது. பிரதி பழுதில்லாமல் வந்திருக்கிறதா என்று திறந்து பார்த்தாக வேண்டும். முதலில் நான் தனியே பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஏனோ சொல்லவில்லை.

திரையில் சீனிமுகம்மது மாமா வெள்ளைச் சேட்டும் சாரமும் தொப்பியுமாகப் பின்கதவால் வருகிறார். பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டு விலகுகிறார்கள். மகளுக்கு முன்னால் வந்து நிற்கிறார், என்ன செய்வதென்று தெரியவில்லை அவருக்கு. பொக்கட்டிலிருந்து லேஞ்சியை எடுத்து, அவளுடைய மேலுதட்டு வேர்வையைத் துடைக்கிறார். ஒரு மணித்தியாலம் பூசின பூச்சு அப்படியே லேஞ்சியில் வருகிறது. பின்னால் பெண்கள் சிரிக்கிறார்கள். "சாப்பிட்டியா மகள்?" என்கிறார். அவள் தலையாட்டுகிறாள். அவர் போகத் திரும்பி, என்னைக் காண்கிறார்.

"என்ன எடுக்காதீங்க புள்ள. எடுத்திருந்தா அழிச்சிருங்க."

"ஓம் மாமா, அழிச்சிர்றன்" என்று என் குரல், நல்ல பிள்ளை மாதிரி.

அவருடைய கை வந்து கமராவை மூடுகிறது. அதோடு முடிகிறது. திரையில் அந்த உள்ளங்கை நின்றுவிட்டது. அடியில் சின்னதாக, மீளமைப்பு நாற்பத்துநாலு வீதம்.

நான் திரும்பவில்லை. அவள்தான் கதைத்தாள்.

"வாப்பா சொன்னத நீங்க கேக்கல்ல."

"இல்ல."

"இப்ப நான் சொன்னா அழிப்பீங்களா?"

ஓம் என்றேன். இந்தத் தடவை பொய்யில்லை. சுட்டெலியில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். பள்ளியில் பாங்கு தொடங்கியது. இரண்டாவது டிஸ்க்குக்கு நேரே எண்ணிக்கை முன்னூற்றாறு, முன்னூற்றுப் பதினாலு.

"கொஞ்ச நேரம் அப்படியே இரிக்கட்டும் ராத்தா."

எங்கள் திரையில் எப்போதும் உப்புப் படிந்திருக்கும். நான் கவனிப்பதேயில்லை. அவள் முக்காட்டின் முனையை விரலில் சுற்றிக்கொண்டு, குனிந்து, ஒரு மூலையிலிருந்து மெல்ல மெல்லத் துடைத்துக்கொண்டு வந்தாள். துடைத்த இடமெல்லாம் உள்ளங்கை தெளிந்தது. முதலில் கயிறு அறுத்த காய்ப்பு, பிறகு ரேகைகள், பெருவிரலடியில் அவளுடைய உதட்டுச் சாயம் கொஞ்சம்.